ராஜலட்சுமி மிஸ் சிரித்ததற்கு

ஜூலை 10, புதன்

கம்பெனியில் பர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும் கொடுக்கிற டைரி இது. எனக்குக் கிடையாது, நான் கான்ட்ராக்ட். எங்கள் லைன் லீடர் தன்னுடையதைப் பிரிக்காமலே டேபிளில் போட்டிருந்தான். கேட்டேன், கொடுத்துவிட்டான். ஏழாம் மாதம் வந்தாயிற்று. முன்னால் இருக்கிற பக்கமெல்லாம் வெறுமையாகக் கிடக்கின்றன. கிடக்கட்டும்.

எழுதுகிறவள் ராசாத்தி. ஊர் சாமல்பட்டிப் பக்கம். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் ஆடு மேய்க்கப் போகாத நாட்களில். மீதி எழுத்தை பஸ் போர்டு, சினிமா போஸ்டர், பொட்டலம் கட்டின பேப்பர் என்று பொறுக்கிக்கொண்டேன். இதில் பிழை இருந்தால் யாரும் பேனா எடுக்க வேண்டாம். இது எனக்கு நானே சொல்லிக்கொள்வது.

ஊரில் புளி உடைக்க உட்கார்ந்தால் நான் ஒரு கதை ஆரம்பிப்பேன். கூடை காலியாகும்போதுதான் முடியும். பிழைக்க வந்த இந்த ஓசூரில் யாருக்கும் காது இல்லை. வீட்டுக்காரர் அன்புமணிக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. அவர் முழித்திருந்தால் நான் கம்பெனியில். என் பெண் தமிழ்செல்வி மட்டும் கேட்பாள். கேட்டுவிட்டு அதையே என்னைவிட நீட்டிச் சொல்வாள்.

இன்று கம்பெனி பஸ் சானமாவு காட்டு ரோட்டில் நின்றுவிட்டது. யானைகள் ரோட்டைத் தாண்டின. எல்லாம் போன பிறகும் டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. "கடைசியா ஒரு குட்டி தனியா வரும். எப்பவும் வரும்" என்றார். நாங்கள் எல்லோரும் அந்தக் குட்டிக்காகக் காத்திருந்தோம். வரவேயில்லை. சூப்பர்வைசரிடம் குட்டி வரவில்லை அதனால் லேட் என்று சொன்னால் அவன் நம்புகிறானா?

ஜூலை 14, ஞாயிறு

எழுதித்தான் தீரணும்.

எங்கள் தெருக் கோடியில் மாடி வீடு ராஜலட்சுமி மிஸ்ஸுடையது. மதுரைப் பக்கத்துக்காரர். வீட்டுக்காரர் பெரிய கம்பெனியில் இன்ஜினியர். மிஸ் தமிழில் பெரிய படிப்பு படித்துவிட்டு மாடியில் டியூஷன் எடுக்கிறார். அவர் மகள் ஹரிணியும் என் மகளும் ஒரே பள்ளிக்கூடம், ஏழாவது. தமிழ்செல்விக்கு எழுத்தில் பிழை வருகிறது என்று பள்ளியில் சொன்னதால் நான்தான் கொண்டுபோய் அங்கே சேர்த்தேன். என் கையாலேயே சேர்த்தேன்.

இன்று பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார். பாயில் உட்கார்ந்தோம், ஒரு பத்துப் பதினைந்து பேர். 'நான் சென்ற பயணம்' என்று பிள்ளைகள் எழுதின கட்டுரையைக் காட்டினார். என் மகள் எழுதியிருந்தது என் அண்ணன் முனிசாமியோடு ரயிலில் போனது. அதை இங்கே சொல்லாமல் எப்படி? மொரப்பூரில் சொந்தக்காரர் வீட்டுக் கிடா வெட்டு. கிடா நம்முடையது. அண்ணன் அதைப் பாசஞ்சரில் ஏற்றிவிட்டான். தலையோடு கம்பளியைப் போர்த்தி, மடியில் சாய்த்துக்கொண்டான். டிக்கெட் பார்க்கிறவர் வந்து, யாருய்யா இது என்றார். "மாமியாருங்க சார். காய்ச்சல்." கிடா உள்ளே இருந்து கத்தியது. "மாமியாரு என்னமோ சொல்றாங்களே?" "பேச்சு கொளறுதுங்க சார், அதான் ஆஸ்பத்திரிக்கு." அந்த மனிதர் கம்பளிக்கு வெளியே தெரிந்த குளம்பைப் பார்த்துவிட்டு, "செருப்பு நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். தமிழ்செல்வி பக்கத்திலேயே உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தவள். நாலு பக்கம் எழுதியிருந்தாள்.

மிஸ் அதை முழுக்கப் படித்துக் காட்டிவிட்டுத் தூக்கிப் பிடித்தார். "பாசஞ்சர்கூட ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நிக்கும். இது எங்கயுமே நிக்க மாட்டேங்குது! நாலு பக்கம், ஒரு புள்ளி இல்ல." எல்லோரும் சிரித்தார்கள். "ரயிலுக்கு எந்த 'ல'ன்னு இவளுக்கே சந்தேகம், மூணு எடத்துல மூணு விதமா போட்டிருக்கா." மறுபடி சிரிப்பு. "பேரு வேற தமிழ்செல்வி. பேர்லயே ஒரு 'ச்'சைக் காணோம்." அதற்கும் சிரித்தார்கள். ஹரிணியும் சிரித்தாள். கடைசியாக என்னைப் பார்த்து, "வீட்டுல எப்படிப் பேசுறாங்களோ அப்படித்தானங்க பிள்ளைங்க எழுதும்?" என்றார்.

என் பெண் பாய்க்கோரையை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் டியூஷன் குரூப்பில் அந்த நாலு பக்கமும் போட்டோவாக வந்திருக்கிறது. அடியில் கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிற பொம்மை.

அந்தம்மாவுக்கு நாக்கு இல்லியா, தனியாக் கூப்புட்டுச் சொல்ல? என்னைச் சொல்லு, நான் படிக்காதவ. எம்புள்ளைய எதுக்கு?

ஜூலை 15, திங்கள்

டியூஷனை நிறுத்திவிட்டேன். ராஜலட்சுமி, உன் பொண்ணு பக்கத்துல எம்பொண்ணு நின்னு, பிழையே இல்லன்னு ஊரே சொல்லி, அதை நீ முன்னால உக்காந்து கேக்கணும். கேக்க வைக்கிறன்.

ஜூலை 21, ஞாயிறு

வழி கிடைத்தது. நவம்பரில் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் தினத்துக்கு இரண்டு போட்டி வைக்கிறார்கள். ஒன்று பிழையில்லாமல் எழுதுவது, டீச்சர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். இன்னொன்று கட்டுரை. பரிசை மேடையில் கொடுப்பார்கள். ராஜலட்சுமி எப்படியும் முதல் வரிசையில் வந்து உட்காருவார்.

யார் சொல்லிக்கொடுப்பது? வேறு டியூஷனா? வேண்டாம். நானே.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் என் வேலையே பிழை பிடிப்பதுதான். காருக்குப் போகிற பிளாஸ்டிக் சாமான் எங்கள் லைனில் வரும். மேலே டியூப் லைட், முன்னால் ஒரு மாஸ்டர் பீஸ். மாஸ்டர் பீஸ் என்றால் குறையே இல்லாதது, கஸ்டமர் பார்த்து ஒத்துக்கொண்டது. வருகிற ஒவ்வொன்றையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கீறல், குழி, ஓரத்தில் பிசிறு எது இருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். அது எதற்கு ஆகிற சாமான், உள்ளே என்ன வேலை செய்யும் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. மாஸ்டர் மாதிரி இருக்கிறதா, இல்லையா? அவ்வளவுதான். எட்டு வருஷத்தில் என் டேபிளைத் தாண்டிப் போய் கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்தது என்று ஒன்றும் கிடையாது.

எழுத்துக்கும் மாஸ்டர் இருக்கிறதே. தமிழ்ப் பாடப் புத்தகம்.

லைன் லீடர் தூக்கிப்போடப் போன ஸ்டிக்கர் சுருள் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நேற்று ஆடிப் பதினெட்டு. ஊருக்குப் போகவில்லை. அண்ணன் போனில் திட்டினான். பாப்பாவுக்குப் படிப்பு இருக்கிறது என்றேன்.

தினமும் ஒரு பக்கம் எழுதச் சொல்கிறேன். ஷிப்ட் முடிந்து வந்து, குளித்துவிட்டு, டியூப் லைட்டுக்கு நேர் கீழே நோட்டையும் புத்தகத்தையும் ஒட்டி வைத்துப் பார்க்கிறேன். புத்தகத்தில் 'கற்றுக்' என்று 'க்' இருக்கிறது, இவளிடம் இல்லை. ஸ்டிக்கர். வரி முடிகிற இடத்தில் புள்ளி இல்லை. ஸ்டிக்கர். புத்தகத்தில் ஒருவர் பேசினால் முன்னும் பின்னும் இரட்டைக் கொம்பு போடுகிறான், இவள் போடவில்லை. இரண்டு ஸ்டிக்கர். 'அவர்கள் வந்தது' என்று எழுதுகிறாள். புத்தகத்தில் எங்குமே அவர்கள் வந்தது இல்லை, வந்தார்கள்தான். அதற்கு ஒன்று.

முதல் நாள் பக்கம் கோழி கொத்தின மாதிரி சிவந்து கிடந்தது. இப்போது பாதியாகிவிட்டது.

அன்புமணி சோறு தின்றுகொண்டே, "வீட்லயும் இன்ஸ்பெக்சனா? ஓவர்டைம் போட்டுத் தருவாங்களா?" என்றார். நான் அடுத்த ஸ்டிக்கரை ஒட்டினேன். குரூப்பில் வந்த அந்தச் சிரிக்கிற பொம்மையை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். சோர்வாக இருக்கும்போது எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். சோர்வு போய்விடுகிறது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இன்று ஒரு சிக்கல். மறுபடியும் அந்தப் பயணத்தையே எழுதச் சொன்னேன். அதில்தானே என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், அதிலேயே ஜெயிக்க வேண்டும். பார்த்தால், அவள் எழுதுகிற சொல் பாதி புத்தகத்தில் இல்லை. மாஸ்டரில் இல்லாததை நான் எதோடு வைத்துப் பார்ப்பது? மாஸ்டர் இல்லாத பீஸைக் கம்பெனியில் தொடவே மாட்டோம்.

"கிடா புக்குல இருக்குதா, தேடு."

தேடினாள். "இல்லம்மா."

"அப்ப ஆடுன்னு எழுது."

"கம்பளி?"

"இருக்குதா?"

"போர்வைன்னு இருக்குது."

"போர்வை போடு."

"மொரப்பூர் இல்லம்மா."

"என்னா ஊரு இருக்குது?"

"மதுரை இருக்குது."

"அப்ப மதுரைக்குப் போனன்னு எழுது."

"நாம எங்கம்மா மதுரைக்குப் போனோம்?"

"புக்குல இருக்குதில்ல? எழுதுடி."

எழுதினாள். மதுரை ராஜலட்சுமி ஊர். தொலையட்டும், எழுத்து சரியாக இருந்தால் போதும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

எதிர் வீட்டு சாந்தம்மா கொழுக்கட்டை கொண்டுவந்தாள். கன்னடக்காரி, தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் வரும். நேற்று பிள்ளையாரைக் கரைக்கக் கொண்டுபோன இடத்தில் இவளுடைய மருமகன் பிள்ளையாரோடு சேர்ந்து ஏரியில் விழுந்தானாம், பிள்ளையார் மிதந்தார் இவன் முழுகினான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அதைச் சொல்லப் போனால் இன்னொரு பக்கம் ஆகும். மருமகனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நோட்டைப் பார்த்து, "ஏனம்மா இது, புள்ளைக்கு அம்மை போட்டமாதிரி ஒட்டி வெச்சிருக்கே?" என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். அந்தம்மா சிரித்ததைச் சொன்னேன்.

"அவ மேல கோபம்னா அவ கதவத் தட்டி நாலு கேளு. புள்ள நோட்ட ஏன் தட்டறே? பேடம்மா, விடு."

பேடமாம், வேண்டாமாம். இவளுக்கு என்ன தெரியும்? இவள் மகள் எழுத்தைப் பத்துப் பேர் முன்னால் தூக்கிப் பிடித்தார்களா?

நேற்று தெருவில் ராஜலட்சுமியைப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். நானும் ஆட்டினேன். ஆட்டும்போதே மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், இரு.

செப்டம்பர் 29, ஞாயிறு

மூன்று நாளாக ஸ்டிக்கர் ஒட்டவில்லை. ஒட்ட இடமில்லை. சுத்தம்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று, சந்தனம், பூசணிக்காய் உடைப்பு. எங்கள் இன்ஸ்பெக்சன் டேபிளுக்கும் மாலை போட்டேன். மாஸ்டர் பீஸுக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். லைன் லீடர் பார்த்துவிட்டு, "அக்கா, இப்ப மாஸ்டரே ரிஜெக்ட் ஆச்சு, தொடைங்க" என்று ஓடி வந்தான். ஸ்வீட் பாக்சும் ஒரு டிபன் டப்பாவும் கொடுத்தார்கள்.

வீட்டில் தமிழ்ப் புத்தகத்துக்குச் சந்தனம் வைத்தேன். தமிழ்செல்வி தள்ளி நின்று பார்த்தாள். கும்பிடச் சொன்னேன், கும்பிட்டாள். ஸ்வீட்டை எடுத்துத் தின்றாள். கம்பெனியில் பொட்டு வைத்த கூத்தைச் சொன்னேன். "சரிம்மா" என்றாள்.

சரிம்மாவா? முன்பெல்லாம் இதற்கு விழுந்து புரண்டிருப்பாள். வயசு வருகிறது, அடக்கம் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 13, புதன்

நாளைக்கு. லீவு போட்டுவிட்டேன். கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையை எடுத்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 14, வியாழன்

ஜெயிச்சாச்சு!

பொறுமையாக எழுதுகிறேன். போட்டி காலையிலேயே முடிந்துவிட்டது. மத்தியானம் விழா. பந்தல் போட்டிருந்தார்கள், நாற்காலி வாடகைக்கு எடுத்தது, ஒன்றுக்குக் கால் ஆடும். நான் சீக்கிரமே போய், ராஜலட்சுமி உட்காருகிற இடத்துக்கு நேர் பின்னால் பிடித்துக்கொண்டேன். முகம் தெரியாதே என்று பிறகுதான் உறைத்தது. ஒரு பக்கமாக நகர்ந்து, பாதி முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். தலைமையாசிரியர் பேசினார், பேசினார், பேசினார். முன்னால் ஒரு குழந்தை நேரு மாமா வேஷத்தோடு தூங்கியே போய்விட்டது.

பிழையில்லாமல் எழுதும் போட்டி. இரண்டாம் பரிசு ஹரிணி. முதல் பரிசு தமிழ்செல்வி. "ஒரு புள்ளிகூடத் தவறவில்லை" என்று மைக்கில் சொன்னார்கள். மைக்கில்! எனக்குக் காது அடைத்துவிட்டது.

ராஜலட்சுமி கை தட்டினார். பிறகு திரும்பினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாலு மாதமாக இந்த நிமிஷத்துக்கு என்னென்ன பேசுவது என்று பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் சேர்த்து வைத்திருந்தேன்.

"அட, தமிழ்செல்வி அம்மா! பிள்ளை அருமையா எழுதியிருக்கே. ஏங்க நம்ம டியூஷனுக்கு அனுப்புறதில்ல? வேற டியூஷன்ல சேத்துட்டீகன்னுல்ல நெனச்சேன்."

"அன்னிக்கு நீங்க சிரிச்சீங்களே" என்றேன்.

"என்னிக்கு?"

நிஜமாகவே கேட்டார். முகத்தைப் பார்த்தேனே, எட்டு வருஷம் குறை பார்த்த கண். நடிப்பில்லை. அந்தம்மாவுக்கு நினைவே இல்லை.

நாலு மாசம் நான் அரிசி கழுவும்போது, துணி துவைக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது யாரோடு சண்டை போட்டேன்? நினைவே இல்லாத ஒருத்தியோடயா?

இன்னொன்று. கட்டுரைப் போட்டியில் பரிசு ஹரிணிக்கு. தமிழ்செல்வியின் தாளையும் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பாதிப் பக்கம்கூட இல்லை. அடியில் டீச்சர் எழுதியிருந்தார், பிழை இல்லை, இன்னும் எழுதியிருக்கலாம் என்று. டீச்சர் எழுதினதில் முதல் பாதியை மட்டும் இரண்டு தரம் படித்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

பரிசு வாங்கினதை அண்ணனிடம் போனில் சொன்னேன். முனிசாமிக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் நின்றுகொண்டிருந்தான். "பாப்பாகிட்டக் குடு. இங்க நாலு பேரு நம்ப மாட்டன்றானுங்க, நான் கிடாவ ரயில்ல கொண்டுபோனத. ஏ பாப்பா, ஸ்பீக்கர்ல போட்டுட்டன், நீ சொல்லு, நீதான் நல்லாச் சொல்லுவ."

தமிழ்செல்வி போனை வாங்கினாள். நிமிர்ந்து நின்றாள். பிறகு சொன்னாள்:

"நாங்கள் ரயிலில் சென்றோம். எங்களுடன் ஓர் ஆடும் வந்தது. பயணம் மிகவும் இனிமையாக இருந்தது."

"யாரு பேசறது?" என்றான் அண்ணன். "பாப்பா இல்லியா?"

அவள் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பாத்திரம் விளக்கப் போய்விட்டாள்.

கம்பெனியில் கஸ்டமர் ஆடிட் வருகிற நாளில் ஒரு தந்திரம் செய்வார்கள். மெஷினை மெதுவாக ஓட்டி, எப்போதும் தவறாமல் வருகிற ஒரே மாடலை மட்டும் கொஞ்சமாக இறக்குவார்கள். ரிஜெக்சன் பூஜ்யம். கஸ்டமர் கைகொடுத்துவிட்டுப் போவான். அன்றைக்கு லோடு லாரி காலியாக நிற்கும், அதை யாரும் அவனுக்குக் காட்டுவதில்லை.

என் பெண் எப்போதிலிருந்து மெஷினை நிறுத்தினாள்? பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஆகஸ்டில் ஒரு பக்கம். செப்டம்பரில் முக்கால். பிறகு அரை. நான் சிவப்பு குறைகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். எழுத்தே குறைந்துகொண்டு வந்திருக்கிறது. கீறல் பார்க்கிற கண்ணுக்கு அது படவில்லையே.

நவம்பர் 24, ஞாயிறு

ஒரு வாரமாக நான் கதை சொல்லிப் பார்க்கிறேன். சாந்தம்மா மருமகன் ஏரியில் விழுந்ததைச் சொன்னேன், இல்லாததையும் சேர்த்து. மீன் பிடித்துக்கொண்டு எழுந்தான் என்றேன். "சரிம்மா" என்கிறாள்.

இன்றைக்கு உட்காரவைத்துக் கேட்டேன். "உனக்கு என்னா வேணும் சொல்லு. எது கேட்டாலும் செய்யறன்."

"மிஸ்கிட்டயே மறுபடி போறன்."

"எந்த மிஸ்சு? உன்னப் பாத்து அத்தன பேரு முன்னால சிரிச்சாளே, அவகிட்டயா? அவளுக்காகத்தானேடி நான் இத்தன மாசம்..."

"அவங்க ஒரு நாள் சிரிச்சாங்க." தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "நீ ஒரு நாள்கூடச் சிரிக்கலியே. அந்த டிக்கெட்டுக்காரரு செருப்பு நல்லாருக்குன்னு சொன்னதுக்கு அங்க எல்லாரும் சிரிச்சாங்கம்மா. மிஸ் புள்ளி இல்லன்னு சொன்னதுக்கு இல்ல, அதுக்கு முன்னாடியே, படிக்கறப்பவே சிரிச்சாங்க. அப்புறம் வந்த கோவத்துல உனக்கு அது மறந்துபோச்சு. நீ அந்த எடத்த எத்தன வாட்டி படிச்ச? ஒரு வாட்டிகூடச் சிரிக்கல. ஸ்டிக்கர் ஒட்டின."

அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கின கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தலையைக் கோதிக்கொண்டேன், என் தலையையே.

அன்புமணி கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "போவட்டும் விடு ராசாத்தி" என்றார்.

எனக்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை. பேனாவை அழுத்தி எழுதி இந்தப் பக்கம் கிழிந்துவிட்டது. அவ வீட்டுப் படிய நான் திரும்பி மிதிக்கணுமா?

டிசம்பர் 1, ஞாயிறு

மிதித்தேன்.

ஊர்ப் பக்கம் பேய் மழையாம், அண்ணன் போன் எடுக்கவில்லை, மத்தியானம்தான் எடுத்தான். அந்தப் பதற்றம் வேறு. குடையைப் பிடித்துக்கொண்டு போய் நின்றோம். ராஜலட்சுமி கதவைத் திறந்தார். நோட்டை வாங்கிப் புரட்டினார். ஸ்டிக்கர்களை எல்லாம் நேற்றே உரித்துவிட்டேன், ஆனாலும் தடம் தெரிகிறது.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"நான்தான்" என்றேன். அந்தம்மா என்னைக் கொஞ்சம் பார்த்தார்.

"பிழையே இல்லங்க. ஒற்று, புள்ளி எல்லாம் சுத்தமா இருக்கு." இன்னொரு பக்கம் புரட்டினார். "இனிமே எழுத மட்டும்தான் சொல்லிக் குடுக்கணும்."

பார், எங்கே குத்துகிறாள் பார். குத்துகிறோம் என்றே தெரியாமல் குத்துகிற கை அது. வாய்வரைக்கும் வந்தது. தமிழ்செல்வி அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

அண்ணன் வீட்டில் மழைக்கு ஒரு பக்கச் சுவர் போயிற்று. ஆடுகள் பிழைத்தன. தமிழ்செல்வி டியூஷனிலிருந்து வந்து ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

கூட்டிவரப் போனேன். நேரம் ஆகவில்லை. மேலே ஏறிப்போக மனம் இல்லை, அந்தம்மா வாங்க, டீ சாப்பிடுங்க என்பார், குடிக்க வேண்டிவரும். கீழ்ப்படியிலேயே நின்றேன்.

மேலே யாரோ படித்துக்கொண்டிருந்தார்கள். என் பெண்ணின் குரல்.

"எங்கம்மா கடையில் வெண்டைக்காய் வாங்கினால் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும், கடைக்காரர் அக்கா அது எக்ஸ்ரே இல்ல வெண்டைக்காய் என்பார், அப்பாவுக்குச் சோறு போடும் முன் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும், எங்கம்மாவுக்கு ஒருத்தரைப் பிடிக்கவில்லை என்றால் அவர்கள் வீட்டைத் தாண்டும்போது சுவரில் பெயிண்ட் எங்கே உரிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருக்கும்..."

பிள்ளைகள் சிரித்தார்கள். ராஜலட்சுமி எல்லோரையும்விட ஓங்கிச் சிரித்தார். "எந்த வீட்டுச் சுவருடி? என் வீடா?"

"ஆமாம் மிஸ். தண்ணி டேங்குக்குக் கீழ."

வீட்டுக்குள்ள நடக்கறத வெளிய சொல்லுவாங்களாடி? அதுவும் இவகிட்டயா? மேலே ஏறி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று ஒரு படி வைத்தேன்.

"கொஞ்சம் நிறுத்து, மூச்சு விடு" என்றார் ராஜலட்சுமி. "அங்க ஒரு புள்ளி வெச்சுக்க. ம், சொல்லு. அப்புறம்?"

தமிழ்செல்வியும் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்து முடித்துத்தான் மேலே படிக்க வேண்டும். எத்தனை மாதம் ஆயிற்று அதைக் கேட்டு? அப்புறம் என்ன எழுதியிருக்கிறாள்? என்னைப் பற்றி இன்னும் என்னென்ன பார்த்து வைத்திருக்கிறாள் இந்தக் கழுதை? ஏறின படியிலேயே உட்கார்ந்துவிட்டேன், சத்தம் வராமல்.

வெகு நேரம் படித்தாள். கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பாதித் தெருவில் அவளாகவே, "மா, ஹரிணி வீட்டு நாய் என்னா பண்ணிச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தாள். வீடு வந்த பிறகும் முடியவில்லை.

அந்தம்மா மேல் கோபம் போய்விட்டதா என்று சாந்தம்மா கேட்டாள். போகவில்லை. அடுத்த ஞாயிறு போகும்போது அடியில் போட்டு உட்கார ஒரு சாக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். மார்கழி பிறக்கும் முன்பே அவர்கள் வீட்டு சிமெண்டுப் படி ஐஸாக இருக்கிறது.